பின்பக்கமாக மேடேறிய கார்

கேள்வி: ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' காரை மேட்டில் பின்பக்கமாக ஏற்றுவார்களாமே, உண்மையா?
– வாசகர், திருவையாறு

பதில்: உண்மைதான். ஃபோர்டு கம்பெனி தொடங்கி ஐந்தாவது வருஷம், 1908-ல் வந்த அந்தக் காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போகணும். வாய்க்கால் தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாதே, அதே கணக்கு. டேங்கில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிடும். பின்பக்கமாக ஏறினால் டேங்க் உயரத்துக்கு வந்துவிடும். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம். கைலீவரை நடுவில் வைத்து, நடு பெடலை மிதித்தால் ரிவர்ஸ்.

இதைவிட ஆபத்து, காரின் முன்பக்க ஹேண்டிலைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வது. ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் இருக்கும், எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவரை முதலில் மேலே தள்ளணும். மறந்தால் எஞ்சின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டையே முறித்துவிடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துவைத்து, இடக்கையால் கீழிருந்து மேலே இழுப்பதே முறை.