வாக்குக் கோப்பில் வாக்காளர்களைவிட வரிசைகள் கூடுதலாக வருவது ஏன்?

அந்த வரிசைகளை ஆட்களாக எண்ணாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் 2020 நவம்பர் வாக்குப் பதிவுக் கோப்பில் (வாக்குச்சீட்டுகளில் பதிவான தேர்வுகளின் மின்னணுப் பட்டியலில்) ஒரு வரிசை என்பது ஸ்கேனருக்குள் சென்ற ஒரு வாக்குச்சீட்டுத் தாள் மட்டுமே.

வாக்களித்தவர்களைப் போலப் பல மடங்கு வரிசைகள் இருப்பதாகவும், பைடன் வாக்காளர்கள் நகர முன்மொழிவுகளில் (மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்பவை) எப்படி வாக்களித்தார்கள் என்ற அட்டவணை வெறுமையாக வருவதாகவும் கேட்டிருந்தீர்கள். அங்கே ஒருவருக்கே பல தாள்கள் தரப்படுகின்றன; அவை உறையிலிருந்து எடுக்கப்பட்ட பின், வாக்கின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால், ஒருவருடைய தாள்களை மீண்டும் இணைக்கும் எண் எதுவும் கோப்பில் இருப்பதில்லை. அதனால்தான், வெவ்வேறு தாள்களில் உள்ள வாக்குகளை ஒப்பிடும் உங்கள் அட்டவணை வெறுமையாக வருகிறது.

அதிபர் போட்டி அச்சிடப்பட்ட தாள்களை மட்டும், வெறுமையாக விடப்பட்டவற்றையும் சேர்த்து, எண்ணிப் பாருங்கள். சிலர் எல்லாத் தாள்களையும் திருப்பித் தருவதில்லை என்பதால், வாக்களித்தவர்களின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறையலாம். கூடினால், ஒரே தாளுக்கு உள்ள ‘ஒரிஜினல்’ (முதலில் ஸ்கேன் ஆனது), ‘மாடிஃபைடு’ (பின்னர் திருத்தப்பட்டது) என்ற இரு பதிப்புகளையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். எந்தப் பதிப்பு செல்லும் என்று காட்டும் ‘இஸ்கரன்ட்’ என்ற புலத்தில் உண்மை (true) என்றிருப்பதை மட்டும் எடுங்கள்.

ஒரே தாளில் உள்ள போட்டிகளை மட்டுமே தனிமனித அளவில் ஒப்பிட முடியும். வாக்குச்சாவடி வாரியாக வெளியிடுவதானால், ஓரிரு தாள்களே உள்ள பிரிவுகளைத் தயவுசெய்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அங்கே யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடக்கூடும்.