ஹொரைசன் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

நிலமோ கடலோ வானத்தைத் தொடுவதுபோல் தெரியும் இடம்தான் ஹொரைசன். தமிழில் தொடுவானம், அடிவானம் என்கிறோம். ஆனால் மூலச் சொல்லில் வானமும் இல்லை, தொடுவதும் இல்லை.

கிரேக்கத்தில் ஹோரோஸ் என்றால் எல்லை. எல்லைக்கல்லுக்கும் அதே பெயர்தான். ஏதென்ஸ் நகரத்துச் சந்தைவெளியான அகோராவின் விளிம்பில், கி.மு. 500 வாக்கில் நட்ட கற்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 'நான் அகோராவின் எல்லை' என்று கல்லே பேசுவதுபோல் அவற்றில் பொறித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு இது. ஹோரோஸிலிருந்து எல்லை வகுத்தலைச் சொல்லும் ஹோரிசெயின் என்ற வினை பிறந்தது. அதிலிருந்து வந்த ஹோரிசோன் கிக்லோஸ் என்ற தொடருக்கு 'எல்லை வகுக்கும் வட்டம்' என்று பொருள். போகப்போக வட்டம் உதிர்ந்து ஹோரிசோன் மட்டும் நின்றது. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கிடைமட்டத்தைக் குறிக்கும் ஹொரிசாண்டல் இதில் பிறந்த சொல். முதுமொழி என்று பொருள்படும் அஃபோரிசமும் இதே வேர்தான். கருத்தைச் சுருக்கி எல்லை கட்டுவது.

உதிர்ந்துபோன அந்த வட்டத்தை நான் விட மாட்டேன். நடுக்கடலில் சுற்றிப் பார்த்தால் தெரிவது வெறும் கோடு அல்ல, நம்மை நடுவில் வைத்த வட்டம். கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 4.7 கி.மீ.தான். 100 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் சுமார் 36 கி.மீ. ஆகிவிடும். மலையாளத்தில் இதற்குச் சக்ரவாளம் என்று பெயர். மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டம் நினைவிருக்கும். சக்கரவாளம் என்பது உலகைச் சூழ்ந்து நிற்பதாகச் சொல்லப்படும் மலைவளையம். அங்கேயும் வட்டம்தான்.

சரி, தொடுவானமா அடிவானமா? மேகம் கறுப்பதும் மின்னல் வெட்டுவதும் அடிவானத்தில். அது வானத்தின் கீழ்ப்பகுதி முழுவதையும் குறிக்கும். அந்த விளிம்பை மட்டும் சொல்லத் தொடுவானமே பொருத்தம். நான் அப்படித்தான் பிரித்து எழுதுகிறேன்.

ஆனால் கருந்துளையைச் சுற்றிய ஈவன்ட் ஹொரைசனுக்கு இரண்டுமே ஒத்துவராது. உள்ளே போன ஒளிகூடத் திரும்பாத எல்லை அது. நிகழ்வெல்லை என்று தமிழாக்கியவர் கிரேக்க வேரையே பிடித்துவிட்டார். அப்புறம், இந்த 'எல்லை'க்குச் சங்கப் பாடல்களில் பகல் என்ற பொருளும் உண்டு. 'எல்லை கழிய' என்றால் பகல் போய் மாலை வருகிறது.