நேற்று நடந்ததை இங்கிலீஷில் சொல்ல: கம்பம், குமுளி பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நடந்து முடிந்ததைச் சொல்ல இங்கிலீஷில் வரும் சிம்பிள் பாஸ்ட் பற்றி தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே சந்தேகம் பலருக்கு இருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

குமுளி, ப்ளஸ் ஒன் மாணவி: சார், "ஐ டிட் நாட் வென்ட்" என்று எழுதினேன், மிஸ் அதைத் தப்பென்று கோடு போட்டு அடித்துவிட்டார். நேற்று நடந்ததுதானே?

பாப்பா, தமிழில் 'போனேன்' என்கிறோம். இல்லை என்று சொல்லும்போது 'போகவில்லை'. 'போனவில்லை' என்று நம் ஊரில் யாராவது சொல்கிறார்களா? 'இல்லை' வந்து சேர்ந்ததும் அந்த வினையில் இருந்த கால அடையாளம் உதிர்ந்துவிடுகிறது. இங்கிலீஷிலும் அப்படித்தான். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே காட்டிவிடும். பின்னால் வெறும் 'கோ' போதும். "ஐ டிட் நாட் கோ."

கேள்விக்கும் இதே கதை. "டிட் யூ ஸீ தி எலிஃபன்ட்?" என்றுதான் கேட்க வேண்டும். பதிலில் டிட் இல்லை, ஆகவே காலம் வினைக்கே திரும்பி வரும்: "யெஸ், ஐ ஸா இட்." உன் வகுப்பில் பலரும் சொல்லும் "ஐ வாஸ் வென்ட்" கூட இந்தக் குழப்பம்தான். வென்ட்டிலேயே காலம் இருக்கும்போது வாஸ் எதற்கு?

கம்பம், ஏலக்காய்க் கடை ஊழியர்: "வீ ஹேட் சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே" என்று வியாபாரிக்கு மெயில் போட்டேன். சரியா அண்ணே?

"வீ சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே" போதும் தம்பி. நாம் 'நேற்று அனுப்பியிருந்தோம்' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியதால் அந்த 'ஹேட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நடந்து முடிந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை: "வென் ஐ ரீச்ட் கம்பம், தி பஸ் ஹேட் லெஃப்ட்." நீங்கள் வந்ததே முடிந்த கதை, பஸ் போனது அதற்கும் முன்னால். ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல ஹேட் வேண்டாம்.

கூடலூர், வேலை தேடும் பட்டதாரி: இன்டர்வியூவில் "ஐ ஹேவ் கம்ப்ளீடட் மை டிகிரி இன் 2019" என்று சொல்லலாமா?

2019 என்று ஆண்டைச் சொல்லிவிட்டீர்களே. ஆண்டு, தேதி, 'நேற்று', 'போன வாரம்' இவற்றில் எது வந்தாலும் ஹேவ் போய்விட வேண்டும்: "ஐ கம்ப்ளீடட் மை டிகிரி இன் 2019." உங்கள் ஊருக்குப் பக்கத்து அணையைப் பற்றிச் சொல்வதென்றாலும் இப்படித்தான்: "பென்னிகுயிக் பில்ட் தி முல்லைப்பெரியாறு டாம். தி வொர்க் பிகேன் இன் 1887 அண்ட் எண்டட் இன் 1895." ஆண்டைச் சொல்லாமல் பொதுவாக "ஐ ஹேவ் கம்ப்ளீடட் மை டிகிரி" என்றால் அது சரி.

வண்டிப்பெரியாறு, தோட்டத் தொழிலாளி: மகன் "ஹீ வென்ட்ஸ்" என்று எழுதுகிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது சார்?

அக்கா, அவன் கூட விளையாடும் மலையாளப் பிள்ளைகள் பேசுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'ஞான் போயி, அவன் போயி, அவர் போயி.' ஆள் மாறினாலும் 'போயி' மாறுவதில்லை. நமக்குத்தான் போனேன், போனான், போனார்கள். இங்கிலீஷ் இறந்தகாலம் இந்த விஷயத்தில் மலையாளம் மாதிரி: ஐ வென்ட், ஹீ வென்ட், தே வென்ட். ஆளுக்கு ஏற்ப மாறுவது வாஸ், வேர் மட்டும்தான். இரண்டு மொழியும் காதில் விழும் ஊரில் வளரும் பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொள்வான்.

உத்தமபாளையம், ஆசிரியை: 'சின்ன வயதில் தினமும் நடந்தே போவோம்' என்பதை மாணவர்கள் "வீ வில் வாக்" என்று எழுதுகிறார்கள்.

நல்ல கேள்வி டீச்சர். அவர்கள் மேல் தப்பில்லை, தமிழில் அந்த 'போவோம்' பார்ப்பதற்கு எதிர்காலம் மாதிரியே இருக்கிறது. பழைய வழக்கத்தைச் சொல்ல நமக்கு அந்த வடிவம்தான் இயல்பு. இங்கிலீஷில் "வீ வாக்ட் டு ஸ்கூல் எவ்ரி டே" அல்லது "வீ யூஸ்ட் டு வாக் டு ஸ்கூல்." மொழிபெயர்க்கும் முன், 'இது இப்போதும் நடக்கிறதா, நின்றுவிட்டதா?' என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கம்பம்மெட்டு, ஜீப் ஓட்டுநர்: வாக்ட்டா, வாக்கிட்டா?

வாக்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். எல்லாம் ஒரே அசை. வினையே டகர ஓசையில் முடிந்தால்தான் ஓர் அசை கூடும்: வான்டட், நீடட். நீங்கள் தினமும் செய்யும் வேலையும் அதில் ஒன்று: "வீ லோடட் தி ஜீப்."

போடி, டைப்பிஸ்ட்: ஃபெல் (fell), ஃபெல்ட் (felt), ஃபெல்ட் (felled) எது எதற்கு?

'ஃபால்' விழுவது, அதன் இறந்தகாலம் 'ஃபெல்': "தி ப்ரைஸ் ஃபெல்." 'ஃபீல்' உணர்வது, அது 'ஃபெல்ட்' ஆகும், கடைசியில் டீ (t) எழுத்து. மூன்றாவது, மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கான 'ஃபெல்' என்ற தனி வினை. இது ஒழுங்காக ஈ, டி (ed) சேர்த்துக்கொள்ளும்: "தே ஃபெல்ட் டூ ட்ரீஸ்." இங்கே எல் எழுத்து இரண்டு. தோட்டக் கடிதங்களில் இந்த மூன்றாவது அடிக்கடி வரும். டீயில் முடித்துவிட்டால் மரத்தை வெட்டியது மரத்தைத் தடவிப் பார்த்ததாகிவிடும்.