சலிப்பு

ஐயா,
‘நோ அதர் லேண்ட்’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். வீட்டை இடிப்பதும் கட்டுவதுமாக ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவதால் சலித்துப்போய் இடையிலேயே நிறுத்திவிட்டேன். வரலாற்றுப் பின்னணியும் போதவில்லை. ஆவணப்படம் எடுக்க விரும்பும் நான் எந்தக் கேமராவை வாங்கலாம்?
ர.

அன்புள்ள ர.,

கையில் இருக்கும் கேமராவே போதும். ‘5 புரோக்கன் கேமராஸ்’ ஆவணப்படத்தை எடுத்த பாலஸ்தீனரான பிலின் கிராமத்து இமாத் புர்னாத், 2005இல் தம் நான்காம் மகன் பிறந்தபோது வாங்கிய சாதாரணக் கேமராவில்தான் தொடங்கினார். வரலாற்றுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. சலிப்பு என்றீர்களே, அண்மைக் காலமாக நான் யோசித்துவருவதும் அதைத்தான்.

படத்தின் களம், மேற்குக் கரையில் ஹெப்ரானுக்குத் தெற்கே மஸாஃபர் யட்டா என்னும் பாலஸ்தீனக் கிராமங்களின் தொகுதி. அதன் பெரும்பகுதியை இஸ்ரேலிய இராணுவம் 1980களின் தொடக்கத்தில் சுடுபயிற்சிக் களமாக அறிவித்தது. 2022 மே மாதம் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் அம்மக்களை வெளியேற்ற வழிவிட்டது. அங்கே வீடு கட்ட அனுமதி கிடைப்பதில்லை, அனுமதியின்றிக் கட்டினால் புல்டோசர் வருகிறது, குடும்பம் குகைக்குள் குடியேறி இரவோடு இரவாக மறுபடி சுவர் எழுப்புகிறது, அதையும் இடிக்கிறார்கள். இதை ஒருமுறை மட்டும் காட்டியிருந்தால் அது செய்தித் துணுக்காக முடிந்திருக்கும். நாமும் இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். நான்காம் முறை பார்க்கும்போதுதான், இடிபடுவது சுவர் மட்டுமல்ல, ஒரு மனிதர் நாளைக்கென்று போட்டுவைத்த திட்டம் ஒவ்வொன்றும் என்பது நமக்கு உறைக்கிறது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததில் ஒன்றரை மணி நேரத்தைக்கூட உங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

2021 ஜனவரியில், ஒரு ஜெனரேட்டரைப் படையினர் பறித்துச் செல்லாமல் தடுக்க முயன்ற ஹாரூன் அபூ அராம் கழுத்தில் சுடப்பட்டு, கைகால் செயலிழந்தார். வீடில்லாததால் ஒரு குகையில் அவருடைய தாய் அவரைப் பராமரித்தார். 2023இல் ஹாரூன் இறந்தார். அந்தக் குகைக்குப் படம் மீண்டும் மீண்டும் திரும்பாமல் வேறெங்கே போக முடியும்?

உங்கள் அவசரத்தைப் படமே பேசுகிறது. தம் கட்டுரையைப் போதிய பேர் படிக்கவில்லையே என்று படத்தின் இயக்குநர்களில் ஒருவரும் இஸ்ரேலியருமான யுவல் ஆபிரகாம் மனம் சோர்கையில், சக இயக்குநரும் மஸாஃபர் யட்டாவைச் சேர்ந்த பாலஸ்தீனருமான பாஸல் அத்ரா அவருடைய அவசரத்தைச் சுட்டிக்காட்டிப் பொறுமை வேண்டும் என்கிறார். யுவல் இரவில் தம் வீட்டுக்குக் காரோட்டிப் போகலாம். பாஸலுக்கு மேற்குக் கரையை விட்டு அப்படிப் போக உரிமையில்லை. ஆகவே பொறுமையைப் பற்றி யார் யாருக்குச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நல்ல படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை உங்களிடம் இருப்பதால்தான் இவ்வளவு கடிந்து எழுதுகிறேன். படத்தை முதலிலிருந்து பாருங்கள். ஹாரூனின் தாய் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.