அமெரிக்கப் பணக்காரர் ஸ்டீபன் ஜிரார்ட் ஒரு வங்கியையே வாங்கினாரா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அமெரிக்காவின் முதல் தேசிய வங்கியின் உரிமத்தை 1811-இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. மூடிக் கிடந்த அந்தக் கட்டடத்தை வாங்கி, 1812-இல் தன் சொந்த வங்கியை அங்கே திறந்தார் ஜிரார்ட். மறு ஆண்டு, பிரிட்டனோடு நடந்த போருக்குப் பணமில்லாமல் தவித்த அரசுக்கே கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்.

பிரான்சின் போர்தோவில் 1750-இல் பிறந்தவர். ஒரு கண் தெரியாது. கப்பலில் வேலைக்குப் போய், அப்புறம் பிலடெல்பியாவில் கப்பல் முதலாளியானவர்.

எனக்குப் பிடித்தது 1793. மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து வசதியானவர்கள் ஊரைக் காலி செய்தபோது, அந்த நோயாளிகளுக்கான புஷ் ஹில் மருத்துவமனையை நடத்த இவர் முன்வந்தார். நோயாளிகளைத் தானே கவனித்தார்.

1831-இல் இறந்தபோது, சொத்தில் பெரும்பங்கை ஏழைச் சிறுவர்களின் பள்ளிக்கு எழுதி வைத்திருந்தார். சரி, யாருக்கு? தந்தையில்லாத வெள்ளையினச் சிறுவர்களுக்கு மட்டும். கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைய, நீண்ட வழக்குகளுக்குப் பின் 1968 ஆனது.