வரி வழக்கில் வென்றால் செலவு திரும்புமா?

லண்டனில் வரிக் கணக்கு பார்த்துவிட்டு அட்டனுக்குத் திரும்பியவன் நான். தம்பியும் மச்சானும் அங்கே கடை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பிரித்தானிய வரித் தீர்ப்பாயம் மட்டுமே என் எல்லை.

தலவாக்கலை: ஐயா, தம்பி வழக்கில் வென்றுவிட்டான். சட்டத்தரணிக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா?

பொதுவாக வராது. வரி மேன்முறையீடு முதலில் போகும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் அவரவர் செலவு அவரவருக்கு. அதன் 2009ஆம் ஆண்டு விதிகளில் 10ஆம் விதி சில விலக்குகளைத் தருகிறது. வழக்கைத் தொடுப்பதிலோ எதிர்ப்பதிலோ நடத்துவதிலோ ஒரு தரப்பு நியாயமின்றி நடந்திருந்தால் செலவைக் கட்டச் சொல்லலாம். தோற்றது மட்டுமே நியாயமின்மை ஆகாது. தீர்ப்பை அனுப்பிய நாளிலிருந்து 28 நாளுக்குள், செலவுப் பட்டியலோடு கேட்க வேண்டும். 28 நாள்!

பொகவந்தலாவ: மாமா, மச்சானின் விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது இறைவரித் துறை பின்வாங்கியது. இது நியாயமா?

நல்ல கேள்வி. 2014இல் அதற்கு அடுத்த படியான மேல் தீர்ப்பாயம் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொன்னது: ஏன் விலகினார்கள், முன்பே விலகியிருக்க முடியுமா, விலகாதது நியாயமற்றதா. புதிய ஆவணம் நேற்றுத்தான் கிடைத்தது என்றால் அவர்கள் தப்பிவிடுவார்கள். அதே ஆவணம் ஓராண்டாக அவர்கள் கோப்பில் கிடந்தது என்றால் மச்சானின் கை ஓங்கும். ஆகவே எந்தக் கடிதம் என்று போனது என்ற தேதி வரிசையை இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். 28 நாளும் நினைவிருக்கட்டும்.

பண்டாரவளை: மேன்முறையீட்டுக்கு முன் இரண்டு வருடம் கடிதம் கடிதமாக அனுப்பி அக்காவை அலைக்கழித்தார்கள். அதற்கும் சேர்த்துக் கேட்கலாம்தானே?

முடியாது. கணக்கில் வருவது மேன்முறையீடு தொடங்கிய பின் வழக்கை நடத்திய விதம் மட்டுமே.

பண்டாரவளை: இது அநியாயம் அண்ணன். அதிகாரி செய்ததற்குக் கேள்வியே இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் மலையில் கங்காணி ஏசியதற்குக் கொழுந்துத் தராசிடம் வழக்குப் போட முடியாது. 2019இல் டிஸ்டிங்டிவ் கேர் வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றமும் இந்தப் பக்கமே நின்றது. அதிகாரிமீது முறையிட வேறு வழி உண்டு.

கண்டி: குறுக்கிடுகிறேன். முன்பு நடந்ததற்கு மதிப்பே இல்லையென்றால், தவறான வரி மதிப்பீட்டைத் தெரிந்தே தாங்கிப் பிடித்தவர்களை எப்படிப் பிடிப்பது?

அங்கே நீங்கள் சரி. பழைய நடத்தைக்குச் செலவு கிடைக்காது. ஆனால் மதிப்பீடு தவறென்று அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதே கடிதங்கள் சாட்சி. பண்டாரவளைத் தங்கச்சி, கடிதங்களை எறிந்துவிட வேண்டாம்.

அட்டன்: வென்றால் பணம் வருமா?

தலவாக்கலைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நானுஓயா: எனக்கே இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீடு வந்திருக்கிறது.

அது வேறு பாதை. முதலில் 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு, அதன் பின்னரே வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. இன்றே ஒரு கணக்காளரிடம் போங்கள்.

கொட்டகலை: தோற்றால் எங்கள் பையனிடம் செலவு கேட்பார்களா?

பொய் சொல்லி இழுத்தடித்தால் கேட்கலாம். தனி மனிதர் என்றால் கட்டளைக்கு முன் அவரது பேச்சைக் கேட்டு, பணவசதியையும் பார்க்க வேண்டும்.

மஸ்கெலியா: தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது ஐயா.

காரணம் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள்.