எரிச்சலூட்டிய நாவல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகப் புகழ்பெற்ற வெகுஜன நாவல்களை வகை பாராமல் வாசித்துவருகிறேன். ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ நாவலை, முடிவு தெரிந்திருந்தும் கீழே வைக்க முடியவில்லை. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ முதல் நான்கு அத்தியாயங்களில் நடுங்கவைத்தது. அதன் பின் அச்சம் வடிந்துவிட்டது. ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ மனிதர்களே இல்லாத கதையாகத் தோன்றியது. டாஃப்னே டு மோரியேயின் ‘ரெபெக்கா’வில் கதை சொல்லும் பெண்ணின் கோழைத்தனம் எரிச்சலூட்டியது, ஆயினும் அவளைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவை வெறும் சொந்த விருப்பு வெறுப்புகள், விமர்சனம் ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். ஒரு நாவலைப் பற்றிப் பேச இவை போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போதாது, ஆனால் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாசிக்கையில் தனக்குள் எதுவும் நிகழாத ஒருவர் கதையமைப்பையும் மொழிநடையையும் எவ்வளவு விரிவாக அலசினாலும் அந்தப் பேச்சில் நாவல் இருப்பதில்லை. உங்களுக்கு எரிச்சலும் அச்சமும் சலிப்பும் நிகழ்ந்திருக்கின்றன. நாவலின் எந்த இடம், எந்த உத்தி அவற்றை உண்டாக்கியது என்று திரும்பிச் சென்று தேடினால், நண்பர்கள் சொல்லும் விமர்சனம் அங்கே தொடங்கிவிடும்.

‘ஜாக்கல்’ 1971இல் வெளிவந்தது. கதை நிகழ்வது 1963இல். அதில் கொலைக்கு இலக்காகும் பிரெஞ்சு அதிபர் சார்லஸ் து கோல் 1970இல் இயற்கையாகக் காலமானவர் என்பது அதன் முதல் வாசகர்களுக்கே தெரிந்திருந்தது. ஆகவே ‘கொல்லப்படுவாரா’ என்ற கேள்வி ஆசிரியரின் கையில் இல்லை. அந்த இடத்தை அவர் வேலையின் நுணுக்கத்தால் நிரப்புகிறார்: ஜாக்கல் என்னும் கொலைகாரன் இறந்துபோன குழந்தையின் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி அதைக்கொண்டு கடவுச்சீட்டு பெறுவது, ஊன்றுகோலுக்குள் மறையும்படி துப்பாக்கி செய்விப்பது, மறுபுறம் லெபெல் என்ற அடக்கமான காவல் அதிகாரி தொலைபேசியையும் கோப்புகளையும் கொண்டே அவனை நெருங்கிவருவது. இத்தனை கச்சிதமான வேலை பிசகிவிடக் கூடாதே என்று கொலைகாரனுக்காகவும் நாம் பதறுகிறோம். உங்களைக் கட்டிப்போட்டது அந்தப் பதற்றம்தான்.

‘ஃபவுண்டேஷன்’ பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். தனிமனிதர்களைக் கணிக்க முடியாது, பெருந்திரளைத்தான் கணிக்க முடியும் என்ற கருத்தின் மீது நிற்கும் நாவல் அது. பகுதிக்குப் பகுதி பாத்திரங்கள் மாறிப்போவது அதனால்தான். காரணம் புரிந்த பிறகும் உங்கள் சலிப்பு நியாயமானதே.

1897இல் வெளிவந்த ‘டிராகுலா’வின் முதல் நான்கு அத்தியாயங்கள் டிராகுலா என்ற இரத்தக் காட்டேரியின் கோட்டைக்குள் சிக்கிய ஒருவனின் நாட்குறிப்பு. அவனுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். பிறகு கதை பலருடைய கடிதங்களுக்கும் குறிப்புகளுக்கும் கைமாறுகிறது. நாட்குறிப்பு எழுதியவனின் மனைவி மீனா அவற்றையெல்லாம் தட்டச்சு செய்து வரிசைப்படுத்தியதும், தனித்தனியே அஞ்சியவர்கள் ஒரு குழுவாகத் திரண்டு வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் உணர்ந்த வடிதல் இந்த மாற்றத்தின் விளைவு. இறுதித் துரத்தல் நீண்டுவிட்டது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இடையில் வரும் கப்பல் தலைவனின் குறிப்பை மட்டும் தனியாக மறுபடி வாசியுங்கள். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல்போவதை அவன் பதிவுசெய்யும் அந்தச் சில பக்கங்களில் கோட்டையின் அச்சம் முழுதாகத் திரும்பிவருகிறது.

‘ரெபெக்கா’வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது இதுதான். 1938இல் வெளிவந்த இந்த நாவலில் இறந்துபோன முதல் மனைவியின் பெயர் தலைப்பாகவே நிற்க, கதை சொல்லும் இரண்டாம் மனைவியின் பெயர் கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. கணவனின் மாளிகைக்கு எஜமானியான பிறகும், ஒரு பீங்கான் சிலையை உடைத்துவிட்டுத் திட்டு வாங்கப்போகும் வேலைக்காரியைப்போலத் துண்டுகளை இழுப்பறையில் ஒளித்துவைக்கிறாள். இவள் ஒருமுறையாவது நிமிர்ந்து நிற்க மாட்டாளா என்று பக்கத்துக்குப் பக்கம் நம்மை ஏங்கவைக்கிறார் ஆசிரியர். அவள் நிமிர்வது எப்போது என்று கவனியுங்கள். கணவன் தன் குற்றத்தை அவளிடம் ஒப்புக்கொள்ளும்போதுதான். (குற்றம் இன்னதென்று, வாசிக்காதவர்களுக்காக, இங்கே சொல்லவில்லை.) அதைக் கேட்டதும் அவள் மனதில் மேலோங்குவது அதிர்ச்சியன்று, முதல் மனைவியை அவன் ஒருபோதும் நேசிக்கவில்லை என்று அறிந்ததில் உண்டாகும் நிம்மதி. அதன் பிறகு அவள் வேலைக்காரர்களுக்கு உறுதியுடன் ஆணையிடுகிறாள், நாமும் மகிழ்கிறோம். குற்றத்தை மறைக்கத் துணைபோகும் ஒருத்தியின் தைரியத்தைக் கண்டு மகிழ்கிறோம் என்பது அப்போது நமக்கு உறைப்பதில்லை. அந்த மகிழ்ச்சிக்கு நம்மைப் பழக்கியது அதுவரை வளர்த்த எரிச்சல்தான். உங்களுக்கு எரிச்சல் வந்திராவிட்டால் இந்த நாவல் உங்களிடம் வேலைசெய்யவில்லை என்றே சொல்லியிருப்பேன்.

அவள் இன்னும் உங்கள் நினைவில் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த வாக்குமூல அத்தியாயத்தை மறுபடி வாசித்து, உங்கள் மனம் எந்த இடத்தில் அவள் பக்கம் சாய்ந்தது என்று எழுதி அனுப்புங்கள். நான் சொன்னதோடு உடன்படாவிட்டாலும் அதை இங்கே வெளியிட விரும்புகிறேன்.

அன்புடன்